திரைக்கு இந்தப் பக்கம் லேசர்

கடந்த கோடையில், காட்பாடியில் ஒரு கல்யாண மண்டபத்தை முகூர்த்தம் இல்லாத நாட்களாகப் பார்த்து வாடகைக்கு எடுத்து, ஒரு தெருக்கூத்துக் குழுவும் நானும் சேர்ந்து 20 நிமிட நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்தோம். கர்ணன் போருக்குப் புறப்படும் கட்டத்தைச் செய்யாற்றுப் பக்கத்திலிருந்து வந்த வாத்தியாரும் அவருடைய குழுவினரும் ஆடினார்கள். மின்னணு இசையும் லேசர் ஒளியும் என் பொறுப்பு. 1989இல் மாவட்டத்தைப் பிரித்தபின் செய்யாறு திருவண்ணாமலையோடு போய்விட்டது என்றாலும், எங்கள் வீட்டில் இன்றும் அது வட ஆற்காடுதான்.

இப்படிப்பட்ட கூட்டு முயற்சிக்கு வயது குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டியது 1960 மே மாதத்தில். 1965இல் நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் நடனக் குழுவும் இசையமைப்பாளர் ஜான் கேஜும் நியூயார்க்கில் மேடையேற்றிய ஒரு படைப்பில், மேடையில் நட்டிருந்த ஆன்டெனாக்களும் ஒளி உணரிகளும் ஆடுபவர்களின் அசைவை உணர்ந்து ஒலியை மாற்றின. அந்தக் குழுவோடு நெடுங்காலம் பணியாற்றிய இசைக்கலைஞர் டேவிட் டியூடர், 1969இல் லோவெல் கிராஸ், கார்சன் ஜெஃப்ரிஸ் ஆகியோருடன் சேர்ந்து, இசைச் சமிக்ஞையைக் கொண்டே லேசர் கதிரை ஆட்டிவைத்தார். அதே ஆண்டில் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் மூக் சின்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடத்தை அமைக்கவும் அவர் உதவினார் என்பதைப் படித்தபோது, இது நமக்குத் தொலைவான சங்கதி இல்லை என்று பட்டது.

எங்கள் முதல் ஒத்திகை தாளத்தில்தான் உடைந்தது. நான் நிமிடத்துக்கு 96 அடி என்று கணினியில் கட்டிவைத்திருந்தேன். கர்ணன் சுழன்று ஆடத் தொடங்கியதும் மிருதங்கம் அவரோடு சேர்ந்து ஏறியது. என் மடிக்கணினி தன் வழியில் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “தம்பி, நான் இன்னும் ரெண்டு சுத்து சுத்தணும்னு நெனச்சா உங்க மெசின் காத்துக்கினு இருக்குமா?” என்று கேட்டார். இருக்காது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. அன்றிரவே பாட்டை முழு நீளத் தடமாக ஓடவிடும் ஏற்பாட்டைக் கலைத்து, சின்னச் சின்னத் துண்டுகளாக்கினேன். மிருதங்கத்தின் உடலில், அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் ஒரு பீசோ உணரியை ஒட்டி, அதன் அடி விழும்போது மட்டும் துண்டுகள் ஒலிக்கும்படி மாற்றினேன். அதன் பிறகு நான் பெஞ்சில் பின்பாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில், அவர்களில் ஒருவனைப் போலவே, ஆடுபவரின் காலைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். மேசையை மண்டபத்தின் பின்கோடியில் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அங்கிருந்து ஆட்டுவிக்கும் வழக்கம் இதற்கு ஒத்துவராது என்பது என் கருத்து.

லேசர் தந்த பயம் வேறு வகை. சவுண்ட் சர்வீஸில் வாடகைக்குக் கிடைத்தது, கல்யாண வரவேற்புகளில் டிஜேக்கள் வைக்கும் 3 வாட் பெட்டி. கண்ணுக்குத் தெரியும் கதிரில் 500 மில்லிவாட்டைத் தாண்டினாலே அது நான்காம் வகுப்பு, அதாவது மிக ஆபத்தான வகுப்பு. கட்டைகள் எனப்படும் கூத்து அணிகலன்களோ எடை குறைந்த மரத்தில் செய்து, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தவை. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தை வாங்கி நாலா பக்கமும் வாரி இறைப்பதற்காகவே அந்தக் கண்ணாடிகள். இரண்டாம் ஒத்திகையில் வாத்தியார் எதிர்பாராமல் இரண்டடி முன்னே வர, பச்சைக் கதிர் புஜக்கட்டையில் பட்டுத் தெறித்தது. ஓர் ஓரமாக நின்று செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையனின் கேமராவில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அது அதன் பிறகு எடுத்த எல்லாப் படங்களிலும் இருக்கிறது. கண்ணின் வில்லை கதிரைக் குவித்து விழித்திரையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவாக்குகிறது. இமை மூடிக்கொள்ள ஆகும் கால் நொடிக்குள் நான்காம் வகுப்புக் கதிர் வேலையை முடித்துவிடும். அந்தப் பையனுக்கு வேறு செல்பேசி வாங்கிக் கொடுத்தோம். கண்ணுக்கு அப்படி மாற்று வாங்கியிருக்க முடியாது.

அத்தோடு ஆடுபவர் மீது கதிர் படும் யோசனைகள் எல்லாவற்றையும் கைவிட்டேன். கூரையை ஒட்டிக் கதிர்களை விரிக்கலாம் என்றால், அவை தெரிய மெல்லிய புகை பரவி நிற்க வேண்டும். வேலூர் மே மாதத்தில் மின்விசிறியை நிறுத்தினால் வேஷக்காரர் மயங்கி விழுவார், ஓடவிட்டால் புகை நிற்காது.

கடைசியில் கைகொடுத்தது கூத்தின் திரைதான். வேஷக்காரர் மேடைக்கு வருமுன் இருவர் பிடித்து நிற்கும் அந்தத் துணிக்குப் பின்னால் நின்றபடி அவர் பாடித் தன்னை அறிவிப்பார். அந்தச் சில நிமிடங்களுக்கு, ஆற்றலைக் குறைத்துக்கொண்டு, பார்வையாளர்களின் தலைக்கு மேலே உயரத்திலிருந்து, திரை பிடிப்பவர்களின் முகத்துக்கு எட்டாமல் துணியின் நடுவில் மட்டும் லேசர் வரைந்தது. திரை விலகுவதற்கு முன்பே அணைந்துவிடும். பெட்டிக்குள் ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சில் அசையும் இரண்டு சின்னக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒன்றை ஸட்ஜமும் மற்றொன்றைப் பஞ்சமமும் அசைத்தால், 2க்கு 3 என்ற விகிதத்தில் பின்னிய கோலம் ஒன்று எழும். 1857இல் பிரெஞ்சு இயற்பியலாளர் லிசாஜூ இசைக்கவைகளில் கண்ணாடி ஒட்டிப் பார்த்த அதே உருவம். விகிதம் சுத்தமாக இருந்தால் கோலம் அசையாமல் நிற்கும். ஸ்தாயியைச் சமமான பன்னிரண்டு படிகளாகப் பிரிக்கும் சின்தசைசரின் வழக்கமான சம இடைவெளிச் சுருதியில் 220 ஹெர்ட்ஸுக்குப் பஞ்சமம் 330 அல்ல, 329.63, அந்தச் சிறு பிசகுக்கே கோலம் ஓயாமல் உருளும்.

சின்தசைசரைச் சுத்தச் சுருதிக்கு மாற்றி, ஸட்ஜத்தை அதிலிருந்தும், பஞ்சமத்தை மைக் வழியாக வடிகட்டி ஆர்மோனியத்திலிருந்தும் எடுத்தேன். அப்போதும் கோலம் உருண்டது. ஆர்மோனியக்காரர் திரையையே சிறிது நேரம் பார்த்துவிட்டு, “எம் பொட்டியக் காட்டிக் குடுக்குதே இது” என்றார். மறுநாள் மதியம் பெட்டியைத் திறந்து, பஞ்சமத்தை ஒலிக்கும் உலோக நாக்கை அரத்தால் நுனியில் இரண்டு இழுப்பு இழுப்பார், அழுத்திப் பார்ப்பார், திரையைப் பார்ப்பார், மறுபடி இழுப்பார். நுனியைத் தேய்த்தால் சுருதி ஏறும், அடியைத் தேய்த்தால் இறங்கும் என்று வேலைக்கிடையே எனக்கும் சொல்லிக்கொடுத்தார். மூன்று மணி வாக்கில் துணியின் மேல் கோலம் கிட்டத்தட்ட நின்றது. பிறகு அவர் மத்திமத்தையும் பார்த்துவிடலாம் என்று என்னை உட்காரச் சொன்னார்.