பதினாறாம் வாய்ப்பாடும் பால்பவுடர் டின்னும்

1986-ல் எங்கள் ஒன்பதாம் வகுப்பு கீற்றுக் கொட்டகையில்தான் நடந்தது. மழைக்கும் ஒழுகும், வெயிலுக்கும் ஒழுகும். உச்சிப்பொழுதில் மண்தரை முழுக்க ஒளிவட்டங்கள் சிதறிக் கிடக்கும். ஒருநாள் எங்கள் அறிவியல் சார், பாடத்தை நிறுத்திவிட்டு, "கீத்துல ஒரு ஓட்டையாவது வட்டமா இருக்காடா? பின்னே தரையில மட்டும் ஏன் வட்டமா விழுது?" என்றார். அண்ணாந்து பார்த்தோம். அத்தனையும் கிழிசலும் கோணலும்.

"அது ஓட்டையோட உருவமில்ல, சூரியனோட உருவம்."

ஸ்கேலை வைத்து அளக்கச் சொன்னார். கூரை 10 அடி உயரம். தலைக்கு நேராக இருந்த ஓட்டையின் வட்டம் 28 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அன்றைய ஒரு ரூபாய்க் காசு அகலம். வகுத்தால் 108 சொச்சம். சூரியனும் தன் விட்டத்தைப் போல ஏறக்குறைய அத்தனை மடங்கு தூரத்தில்தான் இருக்கிறது. (இன்று நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வளைகுடாவின் தலைமாட்டில் பஸ்ரா இருக்கிறது. அங்கே பிறந்த இப்னுல் ஹைதம், கிரகணச் சூரியன் துளை வழியே பிறையாக விழுவதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்து எழுதியவர். சார் அன்று அந்தப் பெயரைச் சொன்னபோது எங்கள் வாயில் நுழையவில்லை.)

அதே வித்தையில் ஊசித்துளைக் கேமரா செய்து படம் பிடிக்க, அடுத்த வாரமே டின்கள் வந்து சேர்ந்தன. நாலு அங்குல அகலப் பால்பவுடர் டின். உள்ளே கறுப்பு பூச, கரும்பலகைக்கு அரைக்கும் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும்தான். அது பலகையில் ஒட்டும், தகரத்தில் ஒட்டாது. உதிர்ந்த பொடி உள்ளே வைத்த படத்தாளில் உட்கார்ந்து, முதல் படத்தில் வானமெங்கும் கொசு மொய்த்தது. இரண்டாம் முறை பெயின்ட் வாங்கினோம். துளைக்குப் பற்பசை ட்யூபை விரித்த தகடு. ஊசிமுனையை அழுத்தாமல் சுழற்றி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி சுழற்ற வேண்டும். நாலு அங்குலத்துக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சரி. பெரிதானால் படம் மங்கும். மிகச் சிறிதானாலும் ஒளி விளிம்பில் சிதறி மங்கும். இதை நம்பாமல் நான் போட்ட பொடித்துளைகள் இரண்டும் வீணாயின.

ராமநாதபுரத்து ஸ்டுடியோக்காரர் ஒருவர் போட்டோ பிரிண்ட் போடும், ஓரம் பழுத்த புரோமைடு தாளைச் சும்மாவே கொடுத்தார். அது படச்சுருள் மாதிரி வெளிச்சத்துக்குச் சுறுசுறுப்பானது அல்ல. நல்ல வெயிலிலும் நாற்பது செகண்ட் கேட்கும். கைக்கடிகாரம் யாரிடம் இருந்தது? என் பெஞ்சுக்காரன் பதினாறாம் வாய்ப்பாட்டை நிதானமாக ஒருமுறை சொன்னால் நாற்பது செகண்ட் என்று சார் கணக்குப் பார்த்து வைத்தார். சிக்கல் என்னவென்றால், அவன் ஏழாவது படியில் எப்போதும் நின்றுவிடுவான். அன்றும் மண்டபம் கரையில், கச்சான் காற்றுக்கு டின் ஆடாமலிருக்க மேலே பவளக்கல்லை ஏற்றிவிட்டு, துளையை மூடியிருந்த இன்சுலேஷன் டேப்பை விலக்கினோம். "பதினாறேழு... பதினாறேழு..." என்று தலையைச் சொறிந்தான். பாம்பன் பாலத்து ரயில் அதற்குள் பாதி தூரம் போய்விட்டது.

விளையாட்டுச் சாமான் அறை ஜன்னலில் சாக்கை அடித்து, சிவப்பு ஜீரோ வாட் பல்பைப் போட்டோம். சோப்பு டப்பாவில் படத்தை வெளியே கொண்டுவரும் டெவலப்பர், அடுத்ததில் அதை நிலைக்க வைக்கும் ஹைப்போ. தட்டை அசைத்தபடி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். நெகட்டிவ் அல்லவா, முதலில் வானம் கறுத்தது, பிறகு பனைமரங்கள் வெள்ளையாக எழுந்தன. டின்னுக்குள் தாள் வளைந்திருந்ததால், தலைக்கு மேலே நேராக ஓடும் பாலம் வில்லாக வளைந்துவிட்டது. ரயில் வெறும் இழுவல். அலைகள் இருந்த இடத்தில் கஞ்சிப்பதம். மணலில் ஏற்றியிருந்த வத்தைப் படகில் மட்டும் ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஹைப்போவைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? ஆனால் ஹைப்போவை எடுப்பதில் உப்புநீர் நல்ல நீரை விட வேகம். கடல்நீரில் அலசிவிட்டு, கடைசியில் செம்பு நல்ல தண்ணீரில் உப்பை நன்றாகப் போக்க வேண்டும். அந்தச் செம்பையும் நாங்கள் குடித்துவிட்ட நாளில் கழுவிய படங்களில் பின்னாளில் கறை ஏறியது. அவற்றில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. பாலமும் கறையும் கலந்து எது எதுவென்று மகனுக்கு விளங்கவில்லை.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலன்று விடுப்பில் ஊரில் இருந்தேன். பிற்பகல் ஒன்றேகால் வாக்கில் வளையச் சூரிய கிரகணம். ராமேஸ்வரம் பக்கம் ஏறத்தாழ 10 நிமிடம் வளையம் நிற்கும் என்றார்கள். ஆளாளுக்குக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார்கள். பெஞ்சுக்காரன் என்னை வலை கட்டும் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனான். கீற்றுக்கூரை. தரை, வலை, மிதப்புக்கட்டை, அவன் மகளின் பாவாடை எல்லாவற்றிலும் மோதிரம் மோதிரமாக வெளிச்சம். அந்தப் பிள்ளை கையை நீட்டி ஒவ்வொரு விரலிலும் ஒன்றை வாங்கிப் பார்த்தது.

"எவ்வளவு நேரம் நிக்குதுன்னு பாப்பமாடா?" என்று வாய்ப்பாட்டைத் தொடங்கினான். ஏழாவது படியில் நின்று என்னைப் பார்த்தான்.

"நூத்திப் பன்னெண்டு" என்றேன்.