‘சோகமான கண்கள்’ என்று எழுதுவதற்கு முன்

போர்ட்ரெய்ட், அதாவது மனித முகப் படங்களின், கண்காட்சிக்குப் போய்வந்து மாணவர்கள் எழுதும் குறிப்புகளில் சில வாக்கியங்கள் தவறாமல் வரும். ‘இந்தக் கண்களில் சொல்லமுடியாத சோகம்’, ‘அவருடைய உள்ளத்தையே படம்பிடித்திருக்கிறார்’, ‘படம் நம்மோடு பேசுகிறது’. பொய்யில்லை, படத்தின் முன் நின்றபோது அப்படித்தான் தோன்றியிருக்கும். ஆனால் புகைப்படம் கற்றுக்கொள்கிற ஒருவருக்கு அந்த வாக்கியத்தை வைத்து அடுத்த படத்தை எடுக்க முடியாது. அந்தச் சோகம் எங்கிருந்து வருகிறது? விளக்கு வைத்த உயரமா, கேமரா நின்ற தூரமா, சுவரில் ஒட்டியிருக்கும் நாலு வரி விளக்கமா? இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் எதிர்வினைக் குறிப்பின் வேலை என்று உறுதியாக நம்புகிறேன்.

கனடா நாட்டுப் புகைப்படக்காரர் யூசுஃப் கார்ஷ் எடுத்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் படம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1941 டிசம்பர் 30, ஒட்டாவா. கனடா நாடாளுமன்றத்தில் உரையாற்றிவிட்டு வந்த சர்ச்சில், வாயில் சுருட்டோடு நிற்கிறார். சுருட்டை அகற்றச் சொல்லியும் அகற்றவில்லை. கார்ஷ் நெருங்கிப் போய்ச் சுருட்டைப் பிடுங்கிவிட்டு வந்து ஷட்டரை அழுத்தினார். உலகம் அந்த முகத்தில் போர்க்கால உறுதியைப் பார்த்தது. உடனே அடுத்து எடுத்த படத்தில் அதே சர்ச்சில் புன்னகைக்கிறார். முகபாவத்தை வைத்து ஒருவருடைய குணத்தை எழுதத் தொடங்குமுன் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

சரி, எங்கே தொடங்குவது? கருவிழியில். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், வெளிச்சம் கண்ணில் பிரதிபலிக்கும் கேட்ச்லைட். படமெடுத்த இடத்தில் என்ன வெளிச்சம் இருந்தது என்பதைப் படமே நமக்குச் சொல்லும் இடம் அது. செவ்வகமாக, நடுவே குறுக்குச் சட்டத்தோடு இருந்தால் ஜன்னல். சட்டமில்லாத சுத்தமான செவ்வகம் என்றால் பெரும்பாலும் சாஃப்ட்பாக்ஸ், அதாவது முன்பக்கம் வெள்ளைத் துணி கட்டிய விளக்குப் பெட்டி. வட்டத்துக்குள் கம்பிகள் விரிந்தாற்போல் தெரிந்தால் வெளிச்சத்தைப் பரப்பும் ஸ்டுடியோ குடை. வட்டத்தின் நடுவில் கறுப்புப் பொட்டு இருந்தால் பியூட்டி டிஷ் எனும் கிண்ண வடிவ விளக்கு. கண்பாப்பாவைச் சுற்றி வளையமாக இருந்தால் லென்ஸைச் சுற்றி மாட்டும் ரிங் ஃப்ளாஷ். திறந்தவெளியில் எடுத்த படமென்றால் கருவிழியின் மேல்பாதி வானமாக வெளுத்து, கீழ்ப்பாதி தரையாக இருண்டிருக்கும். பெரிய பிரின்டில் சில சமயம் புகைப்படக்காரரின் நிழலுருவம்கூட நடுவில் தெரியும். புள்ளி எந்த மணிக்கு இருக்கிறது என்று கடிகார முகத்தை வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணி, இரண்டு மணி என்றால் விளக்கு கண்ணுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில். ஆறு மணியில் இன்னொரு மங்கலான புள்ளி இருந்தால் கீழே வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர் பிடித்திருக்கிறார்கள்.

புள்ளியே இல்லையென்றால்? இங்கேதான் அந்தச் ‘சோகமான கண்கள்’ பிறக்கின்றன. விளக்கோ சூரியனோ தலைக்கு மேலே செங்குத்தாக ஏற ஏற, புருவ மேடு கண்குழிக்குள் நிழலைத் தள்ளிவிடுகிறது. வெள்ளைவிழி சாம்பலாகிறது, கேட்ச்லைட் மறைகிறது, கண்ணுக்குக் கீழே இருக்கும் பை ஆழமாகிறது. படத்தில் இருப்பவர் அன்று மகிழ்ச்சியாகவே இருந்திருக்கலாம். ‘கண்குழிகள் இருண்டிருக்கின்றன, கேட்ச்லைட் இல்லை, மூக்கு நிழல் நேராக உதட்டின் மேல் விழுகிறது, ஆகவே வெளிச்சம் உச்சியிலிருந்து, அதனால் முகம் சோர்ந்து தெரிகிறது’ என்று எழுதினால், உணர்வையும் விட்டுவிடவில்லை, அது எப்படி உண்டானது என்பதையும் காட்டிவிட்டீர்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: இரண்டு விளக்கு வைத்து எடுத்தபின் ஒரு கேட்ச்லைட்டை ரீடச்சிங்கில், அதாவது படத்தைத் திருத்தும்போது, அழித்துவிடுவது சாதாரண வழக்கம். எனவே கண்ணை மட்டும் நம்பாமல் மூக்கு நிழல், தாடைக்குக் கீழே விழும் நிழல் இரண்டோடும் ஒத்துப்பார்க்க வேண்டும். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் ஒளிமூலம் சிறியது அல்லது தொலைவில் இருக்கிறது. விளிம்பு கரைந்துபோனால் முகத்திலிருந்து பார்க்கும்போது ஒளிமூலம் பெரிதாக இருக்கிறது.

அடுத்தது தூரம். இதில் மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவசாலிகளும் லென்ஸின் மேல் பழி போடுகிறார்கள். மூக்கு பெரிதாகவும் காது பின்னால் ஒளிந்தும் தெரிவதற்குக் காரணம் அகலமான காட்சியைப் பிடிக்கும் வைடு லென்ஸ் இல்லை, கேமரா அரை மீட்டர் கிட்டத்தில் நின்றதுதான். அதே இடத்தில் நின்று 85 மி.மீ. லென்ஸால் எடுத்தாலும் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் மாறாது. சட்டத்துக்குள் முகத்தின் ஒரு பகுதி மட்டும்தான் அடங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டரில் விகிதம் இயல்பாகிறது. மூன்று மீட்டரைத் தாண்டினால் முகம் தட்டையாகத் தொடங்கும். 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸ் ஒன்றரை மீட்டரில் ஏறத்தாழ 42 செ.மீ. அகலமும் 63 செ.மீ. உயரமும் உள்ள பரப்பைப் பிடிக்கிறது, அதாவது தலையும் தோளும். அதை ‘போர்ட்ரெய்ட் லென்ஸ்’ என்று அழைப்பதன் காரணம் இவ்வளவுதான். எனவே குறிப்பில் ‘நெருக்கமான படம்’ என்று எழுதாமல், காதுகள் எவ்வளவு தெரிகின்றன என்று பார்த்துத் தூரத்தை ஊகித்து எழுதுங்கள். அரை மீட்டர் என்பது வீட்டு மனிதர்கள் நிற்கும் தூரம். முன்பின் தெரியாதவர் அங்கே நின்றால் முகம் இறுகும், அந்த இறுக்கமும் படத்தில் பதிந்துவிடும்.

ஃபோகஸின் ஆழத்தையும் இதோடு சேர்த்தே பார்க்கலாம். மேற்சொன்ன 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8 எனும் அகலமான திறப்பில் வைத்தால் ஒன்றரை மீட்டரில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ.தான். முகத்தைச் சற்றுத் திருப்பினால் கிட்டத்துக் கண் கூர்மை, எட்டத்துக் கண் மங்கல். இரண்டு கண்ணும் காதும் சட்டைப் பொத்தானும் ஒரே கூர்மையில் இருந்தால் அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, சிறிதாக்கி எடுத்திருக்கிறார்கள், அதற்கேற்ற வெளிச்சமோ ஃப்ளாஷோ இருந்திருக்கிறது என்று பொருள்.

கேமராவின் உயரத்தைக் கண்டுபிடிக்க மூக்குத் துவாரமும் தாடையின் அடிப்பகுதியும் உதவும். அவை தெரிந்தால் லென்ஸ் கீழே. குனிந்து பார்க்கும் வ்யூஃபைண்டர் உள்ள ட்வின் லென்ஸ் கேமராவில் லென்ஸ் இயல்பாகவே மார்பு அல்லது வயிற்று உயரத்தில் இருக்கும். நிற்கும் பெரியவர் அதில் சற்று ஓங்கித் தெரிவார், குழந்தையோ நேருக்கு நேர் நிற்கும். அமெரிக்கப் புகைப்படக்காரர் டயான் ஆர்பஸ் அந்த வகைச் சதுர நெகட்டிவ் கேமராக்களை விரும்பிப் பயன்படுத்தியவர். 1967-இல் நியூ ஜெர்சியின் ரோசெல்லில் அவர் எடுத்த இரட்டைச் சிறுமிகள் படத்தைப் பாருங்கள். ஒரே உடை, ஒரே தலைப்பட்டை, வெளிர்நிறச் சுவர். எல்லாமே ஒன்றாக இருப்பதால் கண் தானாக வாய்க்குப் போகிறது: ஒருத்தியின் உதட்டில் சின்னச் சிரிப்பு, மற்றவளிடம் அது இல்லை. அந்தப் படத்தைப் பற்றி ‘அமானுஷ்யம்’ என்று ஒரு சொல்லில் எழுதி முடித்துவிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றையும் சமமாக வைத்ததால்தான் அந்தச் சின்ன வேறுபாடு இவ்வளவு பெரிதாகிறது என்று எழுதினால் அது ஒரு பாடம்.

பழைய படங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ஜூலியா மார்கரெட் கேமரன் 1860-களில் பயன்படுத்திய ஈரக் கொலோடியன் தகடு, அதாவது ரசாயனம் பூசி ஈரம் காயுமுன் படமெடுக்கும் கண்ணாடித் தகடு, நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும், சிவப்பை அது பார்க்காது. அதனால் நீலக் கண்கள் வெளிறும், உதடும் முகத்துப் புள்ளிகளும் கருக்கும். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் சிரிப்பும் நிற்காது. ‘அந்தக் காலத்து மனிதர்களின் இறுக்கம்’ என்று எழுதுமுன் வேதியியலையும் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் திரையிலேயே பார்க்கலாமே, கேலரி எதற்கு? அளவுக்காக, பரப்புக்காக. ஜெர்மனியின் தாமஸ் ரூஃப் 1980-களில் நண்பர்களை பாஸ்போர்ட் படம்போல் நேராக, நிழலில்லா வெளிச்சத்தில், முகபாவமே இல்லாமல் எடுத்தார். முதலில் 24-க்கு 18 செ.மீ. அளவில் சிறிய பிரின்ட்கள். பிறகு ஏறத்தாழ 210-க்கு 165 செ.மீ. வரை பெரிதாக்கினார். ஃபோனில் இரண்டும் ஒன்றுதான். சுவரிலோ, சிறியது ஓர் அடையாள அட்டை. பெரியதன் முன்னால் தோல் துளையும் மயிர்க்காலும் தெரிய, இவ்வளவு தகவல் கிடைத்தும் அந்த மனிதரைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்ற தவிப்பு வருகிறது. அந்தத் தவிப்புதான் படைப்பு. திரையில் பார்த்தவருக்கு அது கிடைக்காது.

கேலரியில் ஒவ்வொரு படத்தையும் மூன்று தூரத்தில் பாருங்கள். அறை வாசலிலிருந்து ஒரு முறை: எந்தப் படம் இழுக்கிறது, எந்த வெளிச்ச வடிவம் முதலில் தெரிகிறது. பிறகு பிரின்டின் மூலைவிட்ட நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தூரத்தில்: 40-க்கு 50 செ.மீ. படமென்றால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசியாக, தடுப்புக் கோடு அனுமதிக்கும் அளவுக்குக் கிட்டத்தில், பரப்பைப் பார்க்க. படத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 155 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது பல கேலரிகளின் வழக்கம். எனவே படத்தில் இருப்பவரின் கண் உங்கள் கண்ணுக்கு நேரா, மேலா, கீழா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் உயரமும் அந்த அனுபவத்தில் சேர்த்திதான்.

பழைய பிரின்ட்கள் உள்ள அறை இருட்டாக இருக்கும். வெளிச்சம் தாங்காத பிரின்ட்களுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவோடு நிறுத்திக்கொள்வார்கள். சாதாரண அலுவலக வெளிச்சம் அதைவிட ஆறு மடங்காவது இருக்கும். உள்ளே போனதும் எழுதத் தொடங்கினால் ‘நிழல் பகுதிகளில் விவரம் இல்லை’ என்று தவறாக எழுதுவீர்கள். கண் பழகச் சில நிமிடம் கொடுங்கள். கண்ணாடியில் உங்கள் வெள்ளைச் சட்டையே பிரதிபலித்துப் படத்தை மறைக்கும், கருநிற உடை உதவும். பல இடங்களில் பேனாவை அனுமதிப்பதில்லை, பென்சில் கொண்டுபோங்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். படமெடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள், ஃப்ளாஷ் கூடவே கூடாது.

பரப்பைப் படிக்கப் பக்கவாட்டில் சாய்ந்து பாருங்கள். கருமை பளபளத்து, படம் தாளின் மேலே ஒரு படலமாக நின்றால் அநேகமாக ஜெலட்டின் சில்வர், அதாவது வழக்கமான கறுப்பு வெள்ளை பிரின்ட். பளபளப்பே இல்லாமல் தாளின் நாருக்குள் ஊறிப்போனாற்போல் இருந்து, சாம்பல் நிறங்கள் வெண்மையிலிருந்து கருமைவரை படிப்படியாக இறங்கினால் பிளாட்டினம் பிரின்டாக இருக்கலாம். மெல்லிய தாள், மஞ்சளடித்த வெண்மை, மெல்லிய மினுக்கம் என்றால் முட்டை வெண்கருவால் செய்த ஆல்புமென் பிரின்ட். பழைய சில்வர் பிரின்டின் ஓரக் கருமையில் நீலம் கலந்த வெள்ளிப் பூச்சு தெரிந்தால் அது கலைஞரின் முடிவில்லை, வெள்ளி ஆக்ஸிஜனேற்றமாகி மேலே வந்திருக்கிறது. டாகெரோடைப், அதாவது வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த மிகப் பழைய வகைப் படம், என்றால் அது முகம் பார்க்கும் கண்ணாடிபோல. நேரே நின்றால் உங்களைத்தான் காட்டும். இருண்ட எதையாவது அது பிரதிபலிக்கும் கோணத்துக்கு நகர்ந்தால்தான் படம் எழும்பி வரும்.

பெயர்ப் பலகையைக் கடைசியில் படியுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் சாண்டரின் 1928-ஆம் ஆண்டுப் படம்: நீண்ட வெள்ளை அங்கியில் பருத்த மனிதர், கையில் பெரிய பாத்திரம், நேர்ப்பார்வை. பெயர் இருக்காது, ‘கேக் செய்பவர்’ என்று தொழில் மட்டும்தான். முதலில் பலகையைப் படித்தால் ஒரு தொழிலைப் பார்ப்பீர்கள். படத்தை முதலில் பார்த்தால் தன் வேலையில் பெருமிதத்தோடு நிற்கும் ஒருவரைப் பார்ப்பீர்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவில் எடுத்த தாயின் படத்துக்கும் இதே சிக்கல். உலகமே அறிந்த அந்த முகத்துக்கு உரியவர் யார் என்பது 1978-இல்தான் வெளியே வந்தது. ‘புலம்பெயர்ந்த தாய்’ என்ற தலைப்பு அவர் கேட்டு வாங்கியது இல்லை. அதே இடத்தில் லாங்கே எடுத்த மற்ற ஃபிரேம்களும் கிடைக்கின்றன. கூடாரம் முழுதாகத் தெரியும் ஃபிரேமிலிருந்து முகத்தை நோக்கி நெருங்க நெருங்க, எதெல்லாம் சட்டத்துக்கு வெளியே போயிற்று என்று எழுதிப் பாருங்கள். என்னைக் கேட்டால், அந்தப் படத்தைப் பற்றி எழுத அதைவிடப் பயனுள்ள வழி இல்லை.

எழுதும்போது வரிசை முக்கியம். கண்ணால் கண்டது முதலில், அதிலிருந்து ஊகித்தது அடுத்து, உங்களுக்குத் தோன்றியது அதன்பின், பலகை சொன்னது கடைசியில். ஊகத்தை ஊகமாகவே எழுதுங்கள். ஒரு கண்காட்சிக்கு இரண்டு அல்லது மூன்று படங்கள் போதும். இருபது படங்களுக்கு, படத்துக்கொரு வரி எழுதினால் எதையும் பார்க்கவில்லை என்பதுதான் தெரியும். பக்கத்துப் படத்தையும் கவனியுங்கள். சிரிக்கும் முகத்துக்கு அருகில் மாட்டினால் சாதாரண முகமும் வாடித் தெரியும்.

பிறகு, பார்த்த படங்களில் ஒன்றின் வெளிச்சத்தை நீங்களே கட்டிப் பாருங்கள். ஜன்னலிலிருந்து ஒரு மீட்டரில் நாற்காலி, ஒன்றரை மீட்டரில் கேமரா, லென்ஸ் கண் உயரத்தில். முதல் முயற்சியில் நிழல் பக்கம் அநேகமாக வெளுத்துத்தான் வரும். அறையின் வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதுதான் காரணம். நிழல் விழும் பக்கம், சட்டத்துக்குச் சற்று வெளியே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டால் அந்தப் பக்கக் கன்னம் இருளும். நாற்காலியை ஜன்னலைவிட்டுத் தள்ளினால் வெளிச்சம் குறைவதோடு நிழலின் விளிம்பும் கடினமாகும். துணியை நகர்த்தும்போதும் நாற்காலியை நகர்த்தும்போதும் ஒவ்வொரு படம் எடுத்து, கேலரியில் எழுதிய பென்சில் குறிப்போடு கேட்ச்லைட்டையும் மூக்கு நிழலையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாத இடத்தில் குறிப்பைத் திருத்துங்கள்.