தொப்பையும் மார்பகப் புற்றுநோயும்: டேப்பை எங்கே வைப்பது?

"குண்டாக இருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதி உண்மைதான். கொழுப்பு எந்த வயதில் இருக்கிறது, உடம்பில் எங்கே இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டால்தான் மீதிப் பாதி புரியும்.

முதலில் வயது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 5 புள்ளி கூடினால் அபாயம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது. 155 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அந்த 5 புள்ளி என்பது ஏறத்தாழ 12 கிலோ. மாதவிடாய் நிற்பதற்கு முன் வருகிற புற்றுநோயில் கணக்கு தலைகீழ். 2018-ல் வெளியான ஒரு பெரிய கூட்டு ஆய்வில், 18 முதல் 24 வயதுக்குள் பிஎம்ஐ 5 புள்ளி கூடுதலாக இருந்தவர்களுக்கு அபாயம் 23 சதவீதம் குறைவாக இருந்தது. இதைப் படித்துவிட்டு "அப்போ இருக்கிறபடியே இருக்கலாம்" என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். இளமையில் ஏறிய எடை 50 வயதில் தானாக இறங்கிப் போவதில்லை. ஆசியப் பெண்களை ஆராய்ந்தபோது இந்தச் சலுகை அவ்வளவு தெளிவாகத் தெரியவும் இல்லை.

ஏன் இந்த முரண்? மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைச் சுரப்பது முக்கியமாகச் சினைப்பை. அது ஓய்ந்த பிறகும் அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆண்ட்ரோஜன்கள் என்ற ஆண் ஹார்மோன்கள் வந்துகொண்டுதான் இருக்கும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி அவற்றை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு எவ்வளவோ, உற்பத்தியும் அவ்வளவு. இதில் இன்சுலினுக்கும் பங்கு உண்டு. பாலின ஹார்மோன்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதத்தைக் கல்லீரல் தயாரிக்கிறது. இன்சுலின் ஏறினால் அந்தப் புரதம் குறைகிறது, பிடிபடாமல் சுற்றும் ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது. அதனால்தான் எடையால் கூடும் அபாயம் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள, அதாவது ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வளரும் கட்டிகளிலேயே தெரிகிறது. மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களிடம் ஒல்லி, குண்டு வித்தியாசம் மங்கலாகத் தெரிவதற்கும் இதுவே காரணம்: ஹார்மோன்தான் வெளியிலிருந்தே வந்துவிடுகிறதே.

இனி இடம். தொடையிலும் இடுப்பின் பின்புறத்திலும் தோலுக்கடியில் படியும் கொழுப்பு ஓரளவு சாது. குடலைச் சுற்றி, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அப்படியல்ல. அதிலிருந்து வழியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. இன்சுலினுக்குக் கல்லீரல் சரியாகக் கட்டுப்படாமல் போகிறது. ஈடுகட்ட கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மார்பகச் செல்களைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைகளில் இன்சுலினும் ஒன்று.

மார்பகத்துக்குள்ளேயே நடப்பதையும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறி உப்பிய கொழுப்புச் செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாமல் போய், அது செத்துவிடுகிறது. அதைத் தின்று தீர்க்க வரும் மேக்ரோஃபேஜ் செல்கள் சுற்றிலும் வளையமாக உட்கார்ந்துகொள்கின்றன. நுண்ணோக்கியில் கிரீடம் வைத்தது போலத் தெரியும். அதற்குப் பெயரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். இந்த வளையங்கள் கக்கும் அழற்சிப் பொருட்கள், பக்கத்துச் செல்களில் அரோமடேஸைத் தூண்டிவிடுகின்றன. அழற்சியும் ஈஸ்ட்ரோஜனும் ஒரே இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. பிஎம்ஐ நார்மலாக உள்ள சில பெண்களின் மார்பகத் திசுவிலும் இந்தக் கிரீடங்கள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

பிஎம்ஐயை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு 2019-ல் வந்த ஓர் ஆய்வு நல்ல சாட்சி. மாதவிடாய் நின்ற, பிஎம்ஐ 25-க்குள் இருந்த 3,460 பெண்களின் உடல் கொழுப்பை டெக்ஸா ஸ்கேனில் (கொழுப்பைப் பிரித்துக் காட்டும் ஒருவகை எக்ஸ்ரே) அளந்து, சுமார் 16 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கொழுப்பு மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு, மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவுடல் கொழுப்பை மட்டும் தனியாகப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே கதை.

டெக்ஸா எல்லோருக்கும் தேவையில்லை. ஒரு டேப் போதும். ஆனால் பாதிப் பேர் தப்பாகத்தான் அளக்கிறார்கள். தொப்புளை அடையாளமாக வைப்பது முதல் தவறு. தொப்பை சரியும்போது தொப்புளும் கூடவே இறங்கிவிடும். விலாவின் கடைசி எலும்பை விரலால் தொட்டு ஒரு புள்ளி வையுங்கள். இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே டேப்பைத் துணியின் மேல் இல்லாமல் தோலின் மேலேயே, தரைக்கு இணையாகச் சுற்றுங்கள். முதுகுப் பக்கம் டேப் சரிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள். டேப் தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது. இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து. சாப்பிட்ட கையோடு அளக்க வேண்டாம்.

ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை; மற்றவர்களுக்கு 88 என்பது வழக்கம். இடுப்பு, பிட்டச் சுற்றளவுகளின் விகிதம் 0.85-க்கு மேல் போகக் கூடாது என்பார்கள். ஆனால் இந்த எண்கள் இதய நோயையும் சர்க்கரையையும் வைத்துக் குறித்தவை, மார்பகப் புற்றுநோயை வைத்து அல்ல. மாதவிடாய் நின்றவர்களிடம் பிஎம்ஐயின் பங்கைக் கழித்துவிட்டுப் பார்த்தால், இடுப்பளவுக்கென்று தனியாக நிற்கும் அபாயம் பல ஆய்வுகளில் கணிசமாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே 81 வந்துவிட்டதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து, ஏறுகிறதா என்று கவனித்தால் போதும்.

இறக்கினால் பலன் உண்டா? உண்டு. 50 வயதைத் தாண்டிய சுமார் 1.8 லட்சம் பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வில், ஹார்மோன் மாத்திரை எடுக்காதவர்களில் 2 முதல் 4.5 கிலோ இறக்கி அப்படியே காப்பாற்றியவர்களுக்கு அபாயம் 18 சதவீதம் குறைந்தது. 9 கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களுக்கு 32 சதவீதம். இதில் "காப்பாற்றியவர்கள்" என்பதுதான் முக்கியம். தினமும் வேகமாக நடப்பதால் எடை பெரிதாக இறங்காவிட்டாலும் உள்வயிற்றுக் கொழுப்பு கரைவதுண்டு. மெஷினில் எண் அசையாதபோதும் டேப் அசையும். லைபோசக்‌ஷனை இதற்குக் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள். அது உறிஞ்சுவது தோலுக்கடிக் கொழுப்பை மட்டும். வில்லன் உள்ளேயே இருக்கும்.

கடைசியாக, எடை இறங்கும்போது வரும் ஒரு குழப்பம். மார்பகத்தில் கொழுப்பு குறைந்ததும், மெமோகிராம் அறிக்கையில் அடர்த்தி கூடியதாக வரலாம். சுரப்பித் திசு அப்படியேதான் இருக்கிறது. சுற்றியிருந்த கொழுப்பு போனதால் விகிதம் மாறியிருக்கிறது. அடர்ந்த திசுவும் கட்டியும் படத்தில் வெள்ளையாகவே தெரியும் என்பதால், படம் பார்ப்பவரிடம் எத்தனை கிலோ இறங்கியது என்பதைச் சொல்லிவிடுங்கள். முன்பு கைக்குத் தட்டுப்படாத ஏதாவது இப்போது தட்டுப்பட்டால், எடை இறங்கியதால்தான் தெரிகிறது என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். புதிதா, பழையதா என்று விரலுக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.