ஆஸ்பத்திரி சாக்கடையில் மருந்து தேடும் வேலை

ஆஸ்பத்திரி சாக்கடைத் தண்ணீரில் எந்த மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளப்பது என் வேலை. "ஒரு பாட்டில் தண்ணி மொண்டு வந்து டெஸ்ட் பண்ணா தெரிஞ்சிடாதா?" என்று வீட்டில் அத்தை கேட்டார். தெரியாது அத்தை. வார்டு கழுவும் நேரத்துத் தண்ணீர் வேறு, நள்ளிரவுத் தண்ணீர் வேறு. 24 மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்தால்தான் கணக்குக்கு ஆகும்.

பாட்டில் பழுப்புக் கண்ணாடியாக இருக்கணும், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். குளோரின் போட்ட தண்ணீர் என்றால் அந்தக் குளோரினை முறிக்க உடனே சோடியம் தயோசல்பேட் சேர்க்கணும். இல்லாவிட்டால் லேப் வருவதற்குள் குளோரினே பாதி மருந்தை முடித்துவிடும். அப்புறம் ஐஸ் பெட்டி. கிண்டி டிராஃபிக்கில் மாட்டினால் எனக்குக் கவலை ஐஸைப் பற்றித்தான்.

லேபில் வடிகட்டி, மருந்தைப் பிடித்து வைக்கும் விரல் நீள கார்ட்ரிட்ஜ் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கணும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதில் ஒட்டிய மருந்தை மெத்தனாலில் கழுவி எடுத்து மூலக்கூறின் நிறையை வைத்து மருந்தை அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் கருவிக்கு அனுப்பினால், லிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று சொல்லும். கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு!

பாராசிட்டமால் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும். வலிப்புக்குத் தரும் கார்பமசெபைன் இருக்கிறதே, அது அசையாது. உள்ளே போன அளவு கிட்டத்தட்ட அப்படியே வெளியே வரும். தண்ணீரின் பொதுவான கழிவு அளவைக் காட்டும் பிஓடி, சிஓடி சோதனை ரிப்போர்ட்டில் இதெல்லாம் தெரியவே தெரியாது, அவை பாஸ் என்றுதான் காட்டும்.

மழை நாளில் எண் குறைந்தால் சந்தோஷப்படக் கூடாது, தண்ணீர் கூடியிருக்கும். அதனால் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதையும் சேர்த்து அளக்கிறோம்.