நிறைவுறும் திகதி

வளவுத் துப்புரவுக்கான படிவத்தில் ‘நிறைவுறும் திகதி’ என்ற கட்டத்தில் திகதி குறிக்காமல் விட்டது சரிதானா என்பதில் எனக்கு இன்றும் தெளிவில்லை. அலுவலக வளவைத் துப்புரவாக்க நாட்கூலிக்கு வந்துகொண்டிருந்த முதியவரிடம் அந்தத் திகதியைக் கேட்கத்தான் சென்றேன்.

“ஐயா, எப்ப முடியும்?”

கோரையைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “இந்தப் பக்கம் பின்னேரத்துக்குள்ள முடியும், தம்பி. வளவு முடியாது.”

அதில் எதிர்ப்பும் இல்லை, சலிப்பும் இல்லை. திருகோணமலையில் வளவு வைத்திருப்பவர் எவரும் அதை மறுக்கமாட்டார். ஐப்பசியில் மழை தொடங்கினால் தை வரைக்கும் வெட்ட வெட்டப் புல் எழும்பும். கோரையோ மண்ணுக்குள் கிழங்கு கிழங்காகத் தொடுத்துக்கொண்டு போவது. மேலே பிடுங்கினால், அறுந்து உள்ளே நிற்கும் கிழங்குகள் மறுபடி முளைக்கும். சித்திரையில் வேப்பம்பூ கொட்டும். பிறகு கச்சான் என்னும் வறண்ட காற்று செடிகளை வாட்டும்; அதற்குத் தப்பிய தளிரை நகரத்தில் திரியும் மான்கள் கடித்துவிட்டுப் போகும். இதில் எந்த நாளைக் குறித்து ‘நிறைவு’ என்று எழுதுவது? ஆகவே, ‘தொடர்ந்து செய்யப்பட வேண்டிய பணி’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

எழுதியது உண்மை. ஆனால், திகதி ஒன்றைக் குறித்தால் அன்றோடு அவருடைய கூலியும் நின்றுவிடும் என்பது எழுதும்போதே எனக்குத் தெரியும். மண்ணின் இயல்பை எழுதினேனா, அவருக்காக எழுதினேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாக அமைந்ததில் என்ன பிழை என்று சில நாட்களில் தோன்றுகிறது. வேறு சில நாட்களில், படிவத்தைப் பார்த்த மேலதிகாரி “முடியாத வேலை என்றால் செய்ததையும் செய்யாததையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பீர்கள்?” என்று கேட்டதே நியாயமாகப் படுகிறது.

அந்தக் கேள்விக்காகவே வளவைப் பகுதிகளாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பகுதி என்று ஒழுங்கு செய்தேன். நல்ல ஒழுங்குதான், இன்னும் அப்படித்தான் நடக்கிறது. இருந்தாலும் பின்மதிலோரம் தழைத்து நிற்கும் புல் முன்பு என் கண்ணை உறுத்தியது போல இப்போது உறுத்துவதில்லை. அந்தப் பகுதியின் முறை இன்னும் வரவில்லை என்று கடந்து போகிறேன். தோட்ட வேலையின் இயல்பை நான் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இதுவா, அல்லது கண் பழகிப்போய்விட்டதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முதியவருக்கு இந்தக் குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. வளவு முடியாது என்று சொன்ன அதே பின்னேரம், தான் எடுத்த பக்கத்தில் கையில் அகப்பட்ட கிழங்கையெல்லாம் பொறுக்கி வெயிலில் காயப் போட்ட பிறகுதான் அவர் மண்வெட்டியைக் கழுவினார். கைக்குத் தப்பி மண்ணுக்குள் நிற்பவை மறுபடி முளைக்கும் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவர். அந்த அறிவு அவருடைய கையைத் தளர்த்தவில்லை. என்னுடையதைத் தளர்த்துகிறதோ என்றுதான் அஞ்சுகிறேன்.