133 தடவை விட்டுட்டாரு

போன ஞாயித்துக்கெழமை பெங்களூர் பொம்மனஹள்ளில கரண்ட் இல்ல (எப்ப இருந்துச்சு), போன்ல மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்துச்சு, சரி அம்மாவுக்கு ஒண்ணு காட்டலாம்னு டெசிங் ஷியேவோட அந்த டைம் க்ளாக் வீடியோவ போட்டேன்.

தெரியாதவங்களுக்கு: தைவான்ல பொறந்த ஆர்டிஸ்ட், 1974ல கப்பல் வேலைக்குன்னு வந்து அமெரிக்கால எறங்கி அப்படியே தங்கிட்டாரு, கைல ஒரு பேப்பரும் கெடையாது, பாத்திரம் கழுவுறது, தொடைக்கிறதுன்னு பொழப்ப ஓட்டினாரு. 1980 ஏப்ரல் 11ல இருந்து ஒரு வருஷம், வேலைக்கு வந்த நேரத்த கார்டுல அடிக்க ஃபேக்டரில வைக்கிற பஞ்ச் க்ளாக்க தன் இடத்துலயே மாட்டி, மணிக்கு ஒரு தடவை கார்டு அடிச்சாரு, ராத்திரி பகல் எல்லாம். ஒவ்வொரு தடவையும் ஒரு ஃப்ரேம் படம். ஆரம்பிக்கறப்ப மொட்டை, போகப் போக முடி வளந்துகிட்டே போகுது, ஒரு வருஷமே 6 நிமிஷத்துல ஓடிடும். அவ்ளோதான் ஆர்ட்.

அம்மா 22 வருஷம் ஓசூர் ரோட்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல டெய்லர். "சம்பளம் யாரு குடுத்தா?"ன்னு கேட்டாங்க. யாரும் குடுக்கலம்மா. "அப்ப கிறுக்கன்"னுட்டு டீ போட எழுந்துட்டாங்க.

அப்பதான் அந்த கணக்க சொன்னேன். வருஷத்துக்கு 8,760 மணி நேரம், அதுல 133 தடவை விட்டுட்டாரு, 94 தூங்கிப்போனது, 29 லேட்டு, 10 சீக்கிரமே அடிச்சது, எல்லாத்தையும் அவரே எழுதி வெச்சிருக்காரு. அம்மா திரும்பி வந்து உக்காந்து, "133க்கும் சம்பளத்துல புடிச்சாங்களா?"ன்னாங்க.

நான் சிரிச்சேன், அவங்க சிரிக்கல. அந்த ஆர்ட்டப் பத்தி இதுவரைக்கும் நான் படிச்ச எந்த கட்டுரையிலயும் இப்படி ஒரு கேள்வி இல்ல.

அம்மாவுக்கு மணிக்கு ஒரு தடவைன்னா என்னன்னு நல்லாவே தெரியும். லைன் முன்னாடி ஒரு போர்டு இருக்கும், ஒவ்வொரு மணிக்கும் எத்தன பீஸ்னு சூப்பர்வைசர் எழுதுவான், டார்கெட்டுக்கு கொறஞ்சா தலைக்கு மேல வந்து நின்னு "பேக பேக"ன்னு (கன்னடத்துல சீக்கிரம் சீக்கிரம்னு) கத்துவான், அதனாலேயே அம்மா தண்ணியே குடிக்க மாட்டாங்க, குடிச்சா பாத்ரூம் போகணும், போனா ரெண்டு பீஸ் போச்சு. அந்த போர்டுல நம்பருக்கு மட்டும்தான் எடம். ஏன் கொறஞ்சுதுன்னு எழுத கட்டமே கெடையாது. ஷியே தூக்கத்துக்குன்னு தனியா ஒரு கணக்கு வெச்சாரு பாருங்க, எனக்கு அந்த 6 நிமிஷ படத்த விட அந்த பட்டியல்தான் பெரிய விஷயமா தோணுது. (நான் பேசறேன், ஆபீஸ் சாட்ல பச்சைப் புள்ளி அணையக்கூடாதுன்னு சாப்பிடறப்ப கூட மவுஸ ஆட்டிக்கிட்டே இருக்கற ஆளு.)

"நானும் விட்டிருக்கேன்டா, ரெண்டு நாள்"னாங்க. 2016 ஏப்ரல். பிஎஃப்ல முதலாளி போடுற பங்க 58 வயசு வரைக்கும் எடுக்க முடியாதுன்னு ரூல் வந்தப்ப ஓசூர் ரோட்ட அடைச்சுகிட்டு பொம்பளைங்க எறங்கினாங்களே, அதுல அம்மாவும் ஒருத்தி, ரெண்டாவது நாளே ரூல வாபஸ் வாங்கிட்டாங்க. அன்னிக்கு போர்டுல ஒண்ணுமே எழுதலையாம். அத சொல்றப்ப மட்டும் மொகத்துல ஒரு திமிரு.

இதே மாதிரி இன்னொண்ணும் நம்ம ஊர்லயே இருக்கு. இங்க பெங்களூர்ல இருக்கற ஆர்டிஸ்ட் ஷீலா கௌடா 2007ல ஊதுபத்தி மாவ உருட்டி ஃப்ரேம் மேல வெச்சு கொளுத்தி, எரிஞ்சு மிஞ்சின சாம்பலையே ஆர்ட்டா வெச்சாங்க. நான் போட்டோலதான் பாத்திருக்கேன். ஆனா பாட்டி ஸ்ரீராம்புரத்துல வீட்டு வாசல்ல உக்காந்து ஆயிரம் குச்சிக்கு இவ்ளோன்னு உருட்டினவங்க, சோறு பெசையறப்ப கூட ரேகைல கரி கறுப்பா ஒட்டிட்டு இருக்கும். அந்த போட்டோவையும் அம்மாகிட்ட காட்டினேன். "எவ்ளோ குச்சி வந்திருக்கும், எல்லாம் வீணா"ன்னு ஒரே வார்த்தை. ஷீலா கௌடா எனக்கு ரொம்ப புடிச்ச ஆர்டிஸ்ட், இருந்தாலும் பதில் சொல்லத் தெரியல.

சார்ஜ் 9 பர்சென்ட் இருக்கறப்ப இன்னொரு தடவை அந்த வீடியோவ போடச் சொன்னாங்க. கண்ணாடிய எடுத்து மாட்டிகிட்டு, போன கைலயே வாங்கிகிட்டு பாத்தாங்க. முடி தோளத் தொடற எடம் வந்துச்சு. "நிறுத்து, நிறுத்து"ன்னாங்க. நிறுத்தினேன்.

"கண்ணு சொருகுது பாரு அவனுக்கு. மெஷின்ல இருந்திருந்தா இந்நேரம் வெரல்ல ஊசி ஏறியிருக்கும்."