பேராசிரியர் ஜெயக்குமாரைப் பற்றிக் கொஞ்சம்

சிங்கப்பூரின் துணைப் பிரதமராக இருந்த பேராசிரியர் எஸ். ஜெயக்குமாரை நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கே 1939இல் பிறந்தவர். இங்கேயே சட்டம் படித்து, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் போய் மேல்படிப்பு முடித்து, சட்டம் சொல்லிக்கொடுத்து, துறைத் தலைவராகவும் இருந்தார். 1980இல் பிடோக் எம்பி, அப்புறம் உள்துறை, சட்டம், வெளியுறவு என்று வரிசையாக அமைச்சர் பொறுப்புகள்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது பெட்ரா பிராங்கா வழக்குதான், அந்தத் தீவு நமக்கா மலேசியாவுக்கா என்ற வழக்கு. வெறும் 137 மீட்டர் நீளப் பாறை, மேலே ஒரு கலங்கரை விளக்கம், அவ்வளவுதான். அதற்காக 2007இல் துணைப் பிரதமரே ஹேக் நகரின் அனைத்துலக நீதிமன்றத்தில் நின்று நம் தரப்பைப் பேசினார், கூடவே அப்போதைய நம் நாட்டுத் தலைமை நீதிபதி சான் செக் கியோங், தூதரான பேராசிரியர் டாமி கோ. 1953இல் இந்தப் பாறை யாருடையது என்று சிங்கப்பூர் கேட்டதற்கு, நாங்கள் உரிமை கோரவில்லை என்று இன்று மலேசிய மாநிலமாக இருக்கும் ஜொகூரின் அரசுத் தற்காலிகச் செயலாளர் பதில் எழுதியிருந்தார், அந்தப் பழைய கடிதத்துக்கு நீதிபதிகள் பெரிய முக்கியத்துவம் கொடுத்தார்கள். 2008 மே 23இல் 12க்கு 4 என்று தீர்ப்பு நமக்கு வந்தது. பக்கத்திலிருந்த மிடில் ராக்ஸ் என்ற பாறைகள் மலேசியாவுக்குப் போயின, அதையும் இரண்டு நாடும் ஏற்றுக்கொண்டன.

சண்டையில்லாமல், காகிதத்தை வைத்துப் பேசித் தீர்த்த இந்தக் கதையைத் தமிழில் யாராவது விரிவாக எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன். சட்டம் படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தத் தீர்ப்பைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள்.